கல் டீச்சர் தேடிய கடல்

என் தோசையை அவர் ஒருநாளும் ஒரே மூச்சில் பாராட்டியதில்லை.

"தோசை நல்லாருக்குக்கா" என்பார். என் முகம் மலரத் தொடங்கும். அது மலர்ந்து முடிவதற்குள், "ஆனா காலையில இருந்து நான் ஒண்ணும் திங்கலை. பசியில எந்தத் தோசையும் நல்லாத்தான் இருக்கும். வேற எதனாலயும் இப்படித் தோணுமான்னு பாக்கணும்லா?" என்று சொல்லிவிட்டு, இன்னொன்றுக்குத் தட்டை நீட்டுவார். மறுநாள் வேண்டுமென்றே பஸ் ஸ்டாண்டு கடையில் வயிறு நிறைய வடை தின்றுவிட்டு வந்து, அதே தோசையைத் திரும்பவும் தின்று பார்த்தார். "இப்பவும் நல்லாத்தான் இருக்கு. சரி, ஒத்துக்கிடுதேன்." என்னோடு குடித்தனம் நடத்திவிட்டுப் போய்ச் சேர்ந்த மனுஷன் ஒரு தோசைக்காக இவ்வளவு பாடுபட்டதில்லை.

தெருவில் அவருக்குக் கல் டீச்சர் என்று பேர். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பூமியைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொடுத்தார். விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த பாய் ஒருவரின் மகள். நாற்பது தாண்டிய பிறகு டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு மாடியில் இருந்த ஒற்றை அறையில் அவரும், அவரைவிட அதிக இடம் எடுத்துக்கொண்ட கற்களும் குடியிருந்தார்கள். காலி செய்து போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. மாடிப்படியைக் கூட்டும்போது இன்றைக்கும் ஒரு வெள்ளைச் சில்லு காலில் குத்தும்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதிகம் இல்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டினேன். வாயில்லாப் பூச்சி என்று பேர் வாங்கினேன். பலசரக்குக் கடையில் உளுந்து கேட்கப் போய், கடைக்காரர் "துவரம்பருப்புதானே?" என்று கேட்டதால் மறுக்கக் கூச்சப்பட்டுத் துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு வந்தவள். இப்படிப்பட்டவள் அருமண் தனிமங்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், என் துணிச்சலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு கேட்டு அவர் வந்த அன்று நான் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினேன். தண்ணீர் எப்போது வரும், படி எந்தப் பக்கம் எல்லாம் கதவிடுக்கு வழியாகவே சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "கதவு நல்லா பேசுது. வீட்டுக்காரங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டார். சிரிப்பு வந்து கதவை விட்டுவிட்டேன். அப்புறம் மறைய இடமில்லை.

அந்தச் சந்தேகக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது, அவருடைய வாப்பா ஒருநாள் மகளைப் பார்க்க வந்தபோதுதான் தெரிந்தது. நல்ல உயரமான மனுஷன். வெள்ளைச் சட்டை, கையெல்லாம் வத்தல் நெடி. நான் மாடியில் காயப்போட்டிருந்த வத்தலைப் பார்த்தார். மேலே கிடந்த நல்ல சிவப்பைத் தொடவே இல்லை. கையை அடியில் விட்டு ஒரு பிடி அள்ளினார். வெளுத்துப்போன சண்டு வத்தல் நாலைந்து வந்தது.

"மேல கிடக்கது மாப்பிள்ளை வத்தல்ம்மா. குடும்பம் அடியில கிடக்கு" என்றார்.

வெட்கத்தில் எனக்கு உயிர் போயிற்று. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் எட்டு வயசுல பரிசு வாங்கிட்டு வந்தாலும் வாப்பா இதேதான்க்கா. எத்தனை பேர் போட்டியில நின்னாங்கன்னு மொதல்ல கேப்பாவ."

அவரைப் பெண் பார்க்க வந்தவர்களின் கதையும் அப்படித்தான். "குணமான பொண்ணுன்னு ஒரே புகழ்ச்சி. நான் வாயே தொறக்கலைக்கா. வாயே தொறக்காதவ குணம் எப்படித் தெரியும்? வேற காரணம் இருக்குமேன்னு பாத்தேன். இருந்துச்சு, சம்பளம்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. நான் அடியில் கைவிட்டுப் பார்க்கவில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரே ஒரு தடவைதான் அவர் 'வேற காரணம் இருக்குமோ' என்கிற அந்தக் கேள்வியை விழுங்கியதைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் திதியன்று மாடிச் சுவரில் சோறு வைத்தேன். கூப்பிடும் முன்பே காக்கை வந்துவிட்டது. "அவியதான் டீச்சர். பசி பொறுக்க மாட்டாவ" என்று நான் அழுதேன். டீச்சர் என்னைப் பார்த்தார், காக்கையைப் பார்த்தார், வாயைத் திறந்தார். அப்புறம் மூடிக்கொண்டு, உள்ளே போய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

அவர் என்னைக் கல்கிடங்குக்குத் துணையாகக் கூட்டிப் போன கதை வேடிக்கையானது. நம் பக்கத்துக் கரிசலுக்கு அடியில் அங்கங்கே சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. வெட்டி எடுக்கிற கிடங்குகளுக்கு ஒரு பெண் தனியாகப் போனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். வயசான ஒருத்தி கூட இருந்தால் கேள்வி குறையும் என்பது டீச்சரின் கணக்கு. கணக்கு தப்பு. வயசானவள் என்பதால் எல்லாரும் கேள்வியை என்னிடம்தான் கேட்டார்கள்.

"என்ன தாயி, எதுக்குக் கல்லு?" என்று கிடங்கு மேனேஜர் முதல் நாள் கேட்டார். பெரிய மீசை வைத்த அண்ணாச்சி.

நான் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு, "கடலுக்கு" என்றேன்.

"கடல்ல போடவா?"

"இல்ல. கடல்ல இருந்து வந்துச்சாம்."

அவர் டீச்சரைப் பார்த்தார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெயில்ல கூட்டிட்டு வராதிங்கம்மா இவங்களை" என்றார்.

கடல் விவரம் எனக்கே அன்று மதியம்தான் விளங்கியது. வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். டீச்சர் கீழே காட்டி, "நாம உக்காந்திருக்கது கடலுக்கு அடியிலக்கா" என்றார். நான் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டேன்.

"இப்ப இல்ல. மீனே பிறக்காத காலத்தில. அந்தக் கடல்ல உறைஞ்ச சுண்ணாம்புதான் இது. அப்புறம் பூமிக்குள்ள போய் வெந்து இப்படி ஆயிருச்சு."

"அதை யாரு பாத்தா?"

"கல்லு பாத்திருக்கு. அந்தத் தண்ணியில காத்து கலந்திருந்துச்சா இல்லையான்னு அதுக்குத் தெரியும். காத்து இருந்தாத்தானே பெரிய உசிரெல்லாம் உண்டாகும்? எப்ப இருந்து காத்து இருக்குன்னு உலகம் பூராத் தேடுதாங்க. நம்ம ஊருக் கல்லுகிட்ட கேக்கதுதான் என் வேலை."

கல்லிடம் எப்படிக் கேட்பது என்பதையும் சொன்னார். அருமண் என்று ஒரு கூட்டம் உலோகம் இருக்கிறதாம். பேர்தான் அரிது, எல்லாக் கல்லிலும் மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். (நம் கொல்லையில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கும் என்றார். அன்று முழுக்க எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருந்தது.) ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் மாதிரி எங்கே போனாலும் சேர்ந்தே போகுமாம். அதில் சீரியம் என்று ஒருவன் மட்டும் தனிக்குணம். தண்ணீரில் காற்று கலந்திருந்தால் அவன் துருப்பிடித்த மாதிரி ஆகி, கீழே இறங்குகிற அழுக்கோடு ஒட்டிக்கொண்டு போய்விடுவான். அந்தத் தண்ணீரில் உறைகிற சுண்ணாம்புக் கல்லில் மற்றவர்கள் எல்லாம் இருப்பார்கள், அவன் மட்டும் குறைவாக இருப்பான். காற்று இல்லாத தண்ணீர் என்றால் அவனும் வரிசையில் நிற்பான்.

"கல்யாண போட்டோ மாதிரி" என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்துதான் வந்தது, எனக்கே நம்ப முடியவில்லை. "எங்க நாத்தனார் கல்யாண போட்டோவில எல்லாரும் நிக்காவ டீச்சர். சின்ன மச்சினன் மட்டும் இல்லை. அவிய ஏன் இல்லைன்னு கேட்டா அன்னைக்கு நடந்த சண்டை வெளிய வந்துரும்."

டீச்சர் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார். "இதைத்தான்க்கா நான் வகுப்புல ஒரு மணி நேரம் சொல்லுதேன்!" பிறகு உட்கார்ந்தார். ஒரு வாய் மென்றார். "ஆனா போட்டோ எடுக்கும்போது உங்க மச்சினன் கக்கூசுக்குப் போயிருந்தா? அப்பவும் இருக்க மாட்டாவல்லா?"

அதுதான் அவர்.

கல்லைச் சுத்தியலால் தட்டி எடுப்பார். பாதியை அமிலத்தில் கரைத்து, வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். மீதிப் பாதியை, எடுத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதிய கவரில் போட்டு மாடி அலமாரியில் வைப்பார். பின்னால் சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்க. சந்தேகம் வராமல் இருந்தால்தானே! மோதிரம், வளையல் போட்ட கையால் கல்லைத் தொட விடமாட்டார், நகை உரசினாலே கணக்கு கெட்டுவிடுமாம். அவர் காதில் கழுத்தில் ஒன்றும் போடாததற்குத் தெருவில் வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "அக்கா, சின்ன மச்சினனைக் காணோம்!"

நான் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடினேன். நிஜ மச்சினன் அப்போது உயிரோடு இருந்தார், சர்க்கரை வேறு. விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்திருக்கிறது. அனுப்பிய கல் எல்லாவற்றிலும் சீரியம் மட்டும் குறைவு. அப்படியென்றால் நம் ஊர்க் கடலில் காற்று இருந்திருக்கிறது! அவருக்கு வழிகாட்டுகிற பேராசிரியர் போனில் பேசியதை நானும் கேட்டேன். "இதுக்கு மேல என்னம்மா வேணும்? எழுதிக் கொண்டாங்க."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பட்டத்துக்குப் பதிந்து வைத்ததன் கெடு அந்த வருஷக் கடைசியோடு முடிகிறது. ஏற்கெனவே நீட்டித்து வாங்கிய கெடு, இனி நீட்ட மாட்டார்கள். பட்டம் இல்லாதவர்களை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வாப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் மண்டியையும் மூடியாயிற்று. அந்த வேலையை நம்பித்தான் வீடு.

ஆகவே அன்று என்னைப் பிடிக்க முடியவில்லை. கடலைமிட்டாய் வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக நானே போய்த் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினேன். "நம்ம கடல்ல காத்து இருக்காம்" என்றேன். மீதியைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் அதோடு நிறுத்திக்கொண்டேன். சற்று நேரத்தில் தெருவே மாடியேறி வடகத்தையும் வத்தலையும் அள்ளிக்கொண்டிருந்தது. புயல் வருகிறது என்று நான் சொன்னதாக எதிர்வீட்டு அக்கா இன்றைக்கும் சொல்லுவாள்.

டீச்சரின் சந்தோஷம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. காலையில் தோசைக்கு வந்தவர் தட்டைத் தொடவில்லை.

"அக்கா, நாம கல் எடுத்த இடம் எல்லாம் மேல் தட்டு. கரிசலுக்கு நேர் கீழ. வெடிப்புல எல்லாம் கறுப்பு மண்ணு இறங்கியிருந்துச்சு, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"மண்ணு இறங்கின வழியில மழைத்தண்ணியும் இறங்கும். மழைத்தண்ணியில காத்து உண்டு. காலம் பூரா இறங்கின தண்ணி அவனைக் கலைச்சு விட்டிருந்தா? சண்டை கடல்ல நடக்கலை, நேத்து மழையில நடந்ததுன்னா?"

"மெனக்கெட்டு எதுக்கு டீச்சர் இதையெல்லாம் நினைக்கீங்க?"

"நினைக்காம இருக்க முடியலையேக்கா" என்றார். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வயிற்றுவலிக்காரர் சொல்லுகிற மாதிரி சொன்னார்.

அலமாரியில் மீதிப் பாதிகளோடு இன்னும் அனுப்பாத சில கற்களும் இருந்தன, மேல் தட்டிலேயே கொஞ்சம் ஆழத்தில் எடுத்தவை, வெடிப்பு இல்லாதவை. அவற்றைத் தனியாகச் சோதிக்க அனுப்பினால் தெரிந்துவிடும் என்றார். அதற்குள் வாப்பாவுக்கு முடியவில்லை என்று சேதி வந்தது. மாடிச் சாவியை, கூட்டிப் பெருக்கச் சொல்லி, என்னிடம் கொடுத்துவிட்டு விளாத்திகுளம் போனார்.

அவர் ஊரில் இல்லாத அந்த வாரத்தில் சரஸ்வதி பூசை வந்தது.

எங்கள் வீட்டில் உழைக்கிற சாமான் ஒன்றும் பொட்டில்லாமல் இருக்காது. அருவாமனை, அம்மி, தையல் மிஷின், கேஸ் அடுப்பு எல்லாவற்றுக்கும் வைத்தேன். அப்போதுதான் நினைத்தேன்: பாவம், பிள்ளை ஊரில் இல்லை. அவர் தொழிலுக்கு யார் செய்வார்? அவர் சாமி வேறாக இருக்கலாம், கல் நம் ஊர்க் கல்தானே?

மாடிக்குப் போய் ஒவ்வொரு கல்லையும் கவரிலிருந்து எடுத்தேன். மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினேன். அம்மிக்குத் தடவுகிற மாதிரி தேங்காய் எண்ணெய் தடவினேன். கல் எல்லாம் புதுப்பெண் மாதிரி மினுங்கியது. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பெரிசிலிருந்து சிறிசு வரை அளவு வாரியாக அடுக்கி, ஆளுக்கு ஒரு பூ வைத்தேன். இத்தனையும் வளையல் போட்ட கையால். கவரெல்லாம் அழுக்காக இருந்ததால் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன். அதில் எழுதியிருந்த மை நன்றாகவே போய்விட்டது. நான் எப்போதும் சோப்பு போடுவதில் கஞ்சத்தனம் பார்க்க மாட்டேன்.

டீச்சர் வந்து கதவைத் திறந்தவர், வாசலிலேயே நின்றார். நான் பின்னால் நின்று பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"அக்கா" என்றார் கடைசியில். "கவரையும் துவைச்சீங்களா?"

"அழுக்கா இருந்துச்சு டீச்சர்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. எது எந்த ஆழத்துக் கல் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மஞ்சளும் எண்ணெயும் ஏறிய கல்லின் பேச்சைச் சபையில் எடுக்கவும் மாட்டார்கள். மெதுவாக, ஒவ்வொன்றாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நானும் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். "டீச்சர், சோதிக்கக் கல்லே இல்லைன்னா சோதனையும் இல்லைலா? மொதல்ல வந்ததையே எழுதிக் குடுத்துருங்க. பழியை என் மேல போடுங்க."

அவர் ஒரு கல்லின் பொட்டைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல வத்தலை மேல பரப்பி நீங்களும் மண்டி நடத்தலாம்க்கா" என்றார். பிறகு எழுந்து சுத்தியலைத் தேடினார். அதற்கும் நான் பூச்சுற்றி வைத்திருந்தேன்.

மறுநாளே கிடங்குக்குப் போனோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. ரோட்டிலிருந்து கிடங்கு வரைக்கும் நடப்பதற்குள் காலில் ஆளுக்கு ஒரு கூடை கரிசல் ஒட்டிவிட்டது. மேல் தட்டெல்லாம் வெடி வைத்து எடுத்தாயிற்று. மிஞ்சியது அடித்தட்டு மட்டும். அது தண்ணீருக்குள் கிடந்தது. மழைக்காலத்துக்கு வேலையை நிறுத்தி, மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தை பிறந்துதான் இனிமேல் இறைப்பார்களாம். டீச்சரின் கெடு மார்கழியோடு சரி.

டீச்சர் மீசைக்கார அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சீரியம், மழைத்தண்ணீர், ஆழத்துக் கல், பழைய கடல். அவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்லுதது சரிதாம்மா. ஆனா ரெண்டு கல்லுக்காக இவ்வளவு தண்ணியை எறைக்க முடியுமா? உங்ககிட்டதான் போன வாட்டி எடுத்த கல்லு இருக்கே? அதை உடைச்சுப் பாருங்க."

"அது கெட்டுப்போச்சு அண்ணாச்சி."

"கல்லு எப்படிம்மா கெட்டுப்போகும்?"

என்னைக் காட்டிக்கொடுக்க டீச்சருக்கு மனசு வரவில்லை. நான் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"அண்ணாச்சி" என்றேன். "அந்தக் கல்லுக்கெல்லாம் நான் பூசையன்னைக்குப் பொட்டு வச்சுட்டேன்."

"எதுக்கு?"

"குளிப்பாட்டி, சந்தனம் வச்சு, பூ வச்சு, விழுந்தும் கும்பிட்டுட்டேன்."

அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. "அடடா. அப்பச் சுத்தியலை எடுத்து அது மேல எப்படிப் போட?"

"அதான் அண்ணாச்சி."

"அதை மொதல்லயே சொல்லப்பிடாதா தாயி? கடலு, காத்துன்னு சுத்தி வளைச்சுக்கிட்டு" என்று டீச்சரைக் கொஞ்சம் கோபமாகவே பார்த்தார். பிறகு கிடங்குப் பக்கம் திரும்பி, "ஏலே, மோட்டாரைக் கழட்டாத! மறுபடி மாட்டு! பொட்டு வச்ச கல்லுக்கு மாத்துக் கல்லு கேக்காவ!" என்று கத்தினார்.

டீச்சர் பையைத் திறந்து புதுக் கவர்களை எண்ணத் தொடங்கினார். பெருமைப்பட எனக்கு நேரமில்லை, மறுபடி அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

தண்ணீர் வடிந்து அடிப்பாறை தெரிந்ததும் அவரே இறங்கினார். வெடிப்பே இல்லாத இடமாகப் பார்த்து, உடைத்த முகம் ஈரத்தில் நீலம் பாய்ந்து மினுங்குகிற கல்லாக எடுத்தார். கவரில் எழுதினார். என் பக்கம் ஒரு கவரைக்கூட நீட்டவில்லை.

மார்கழி பிறந்த பிறகுதான் முடிவு வந்தது. இந்தத் தடவை அவர் தடதடவென்று இறங்கவில்லை. ஒவ்வொரு படியாக வந்து, அடுக்களை வாசலில் நின்றார்.

"மச்சினன் நிக்கான்க்கா. வரிசையில அவனிடத்துல கச்சிதமா நிக்கான்."

மேல்கல்லில் அவன் இல்லாமல் போனது மழையின் வேலை. பழைய கடலில் காற்று இருந்ததற்கு அவரிடம் சாட்சி இல்லை. உலகம் திரும்பிப் பார்த்திருக்கக்கூடிய சேதி, என் குங்குமத்தால் ஒன்றுமில்லாமல் போயிற்று. நான் அழுதேன். அழுத வேகத்தில் அடுப்பில் பால் பொங்கியது. அவர்தான் வந்து அடுப்பை அணைத்தார்.

பேராசிரியர் போனில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "ஒரே ஒரு இடத்துக் கல்லும்மா. அதை விட்டுருங்க. மத்ததை எழுதுங்க. வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார்."

"அப்புறம்?"

"அதை விடதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க சார், விட்டுருதேன். எனக்குப் பிடிக்கலைங்கதைத் தவிர வேற காரணம்."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார். பிறகு போனே இல்லை.

எழுதியது எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றி எழுதினார். சாப்பாட்டை நான் மாடிக்கே கொண்டுபோனேன். தோசை நன்றாக இருக்கிறதா என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கெடு முடிகிற அன்று கொண்டுபோய்க் கொடுத்தார். பேராசிரியர் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாராம். தேறுமா தேறாதா என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு கடலைக் கண்டுபிடித்தேன் என்று எழுதினால் பட்டம் கொடுப்பார்கள். கண்டுபிடித்ததாக நினைத்தேன், இல்லை என்று எழுதினால்?

வாய்மொழித் தேர்வு அன்று என்னையும் பல்கலைக்கழகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பொதுமக்களும் வரலாமாம். நான்தான் பொதுமக்கள். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் தலைநரைத்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கையில நல்ல முடிவு இருக்கும்போது மழைக்காலத்துல எதுக்குத் திரும்பப் போய் அடிக்கல்லு எடுத்தீங்க?" என்று கேட்டார்.

ஏதாவது பெரிய வார்த்தை சொல்லித் தப்பித்துவிடுவார் என்று நினைத்தேன். "எங்க வீட்டுக்கார அக்கா மிச்சக் கல்லுக்கெல்லாம் பொட்டு வச்சுட்டாங்க சார். அதோ, தூணுக்குப் பின்னால இருக்காங்க" என்றார்.

சபையே திரும்பியது. தூண் போதவில்லை.

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அந்தப் பெரியவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார். "பொட்டு வைக்கலைன்னா? அலமாரியில இருந்த கல்லையே அனுப்பியிருப்பீங்க. அதுவும் மேல்கல்லு மாதிரியே காட்டியிருந்தா, கடல்ல காத்து இருந்துச்சுன்னு எழுதியிருப்பீங்கதானே?"

டீச்சர் யோசித்தார். வேலை, வீடு, வாப்பா எல்லாம் அந்த யோசனையில் தொங்கிக்கொண்டிருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு தாயே என்று நான் வேண்டாத சாமி இல்லை.

"எழுதியிருப்பேன் சார்" என்றார். "தப்பா எழுதியிருப்பேன்."

பெரியவர் பேனாவை மூடிவைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். பிறகு எழுந்து வந்து டீச்சருக்குக் கை கொடுத்தார். கை கொடுத்தால் தேறிவிட்டார் என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த மாணவி சொன்ன பிறகுதான் அழத் தொடங்கினேன். மற்றவர்கள் அதற்குள் கைதட்டி முடித்திருந்தார்கள்.

ஊர் ஊராக நின்று போகிற பஸ்ஸில் திரும்பினோம். டீச்சர் பட்டுச்சேலை. பிள்ளைகள் போட்ட ரோஜா மாலை என் மடியில். கயத்தாறு தாண்டியதும் எனக்குப் பேச்சு வந்தது.

"அப்ப அந்தக் கடல்ல காத்து இல்லைன்னு வச்சுக்கிடலாமா டீச்சர்?"

"வச்சுக்கிட முடியாதுக்கா. களிமண்ணுல அவன் எப்பவும் உண்டு. அந்தக் காலத்துல அது கல்லோட கலந்திருந்தாலும் அவன் வரிசையில நிப்பான்."

"அப்ப இருந்துச்சுன்னு?"

"அதையும் சொல்ல முடியாது."

"பட்டம் குடுத்துட்டாங்களே!"

"எனக்கும் அதான்க்கா ஆச்சரியமா இருக்கு" என்று ஜன்னல் பக்கம் திரும்பியவர், சட்டென்று எழுந்தார். "கண்டக்டர் அண்ணாச்சி, நிறுத்துங்க! நிறுத்துங்க!"

ரோட்டோரம் புதிதாகக் காற்றாலை நடக் குழி தோண்டியிருந்தார்கள். கரிசல், அதற்குக் கீழே செம்மண், அதற்கும் கீழே யாரும் தொடாத வெள்ளைப் பாறை. பஸ் முழுவதும் எங்களை வைதுகொண்டிருக்க நாங்கள் இறங்கினோம். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பட்டுச்சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, சேற்றுக்குள் நடந்துவிட்டார். நான் மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலே போனேன்.

குழி தோண்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாலையைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார். "பூசைக்கு வந்தீங்களா? பூசை நேத்தே முடிஞ்சுதே."

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் குழிக்குள் இறங்கியிருந்தார். அடியில் கைவைத்து, ஒரு துண்டைப் பெயர்த்து, என் பக்கம் நீட்டினார்.

"அக்கா, இதைப் பிடிங்க."

"மாலை இருக்கே டீச்சர்."

"அதைக் கீழ போடுங்க."

மாலையை மண்மேட்டில் வைத்தேன். வளையலைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். இரண்டு கையாலும் கல்லை வாங்கினேன், சேறோடு, துடைக்காமல்.